வண்டிக்கு அடியில் விழும் துளி: கசிவறியும் தொழிலின் வரலாறு

மோட்டார் வாகனத்தின் அடியில் எண்ணெய் சொட்டுவது பழுதின் அடையாளம் என்னும் கருத்து, மோட்டார் வாகனத்தோடு உடன் பிறந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய வண்டிகள் எண்ணெயையும் நீரையும் ஓயாமல் இழந்துகொண்டே ஓடின. இழந்ததை ஊற்றி நிரப்புவது ஓட்டுநரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாக இருந்ததேயன்றி, இழப்பின் காரணத்தைத் தேடுவது பெரும்பாலும் எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. கசிவு பொறியின் இயல்பு என்ற நிலை மாறி, கசிவு ஒரு குறிப்பிட்ட உறுப்பின் குறை என்ற நிலை உருவாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. தோலும் கயிறும் வகித்த இடத்தை ரப்பர் பிடித்ததும், ஒவ்வொரு திரவத்துக்கும் தனி நிறம் வாய்த்ததும் அம்மாற்றத்துக்கு வழிவகுத்தன. வீட்டையொட்டிய கொட்டகையின் சிமென்ட் தரையில் வந்து நின்ற மினிவேன், அதாவது ஏழு பேர் வரை அமரக்கூடிய குடும்ப வண்டி, தரையில் விழுந்த கறையை வாசிக்கும் அறிவைப் பட்டறையிலிருந்து இல்லத்துக்கும் கொண்டுசென்றது.

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை தயாரித்த மாடல் டி பழைய நிலைக்கு நல்ல சான்று. அதன் எஞ்சினில் எண்ணெய்ப் பம்பு கிடையாது. பின்புறம் சுழலும் கனத்த சக்கரமாகிய ஃபிளைவீல் அடித்தொட்டியில் கிடந்த எண்ணெயை வாரி இறைக்க, அதில் ஒரு பகுதி குழாயொன்றின் வழியே முன்பக்கம் சென்று மறுபடியும் பின்னோக்கி வழிந்து வந்தது. எண்ணெயின் மட்டத்தை அறிய இன்றுள்ளது போன்ற அளவுக்குச்சியும் இல்லை. ஓட்டுநர் வண்டிக்கு அடியில் கைவிட்டு, மேலும் கீழுமாக அமைந்த இரண்டு சிறு திருகுகுழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். மேற்குழாயில் எண்ணெய் வராமல் கீழ்க்குழாயில் வந்தால் அளவு அவ்விரண்டுக்கும் இடையே இருப்பதாகக் கொள்ளப்பட்டது. அடிக்கடி அடியில் குனிந்தே ஆக வேண்டிய ஓட்டுநருக்கு அங்கே இருந்த ஈரம் புதிய செய்தி எதையும் சொல்லவில்லை.

எஞ்சினில் உள்ள இணைப்புகள் இருவகைப்படும். அசையாத இரண்டு உலோகப் பகுதிகள் திருகாணியால் இறுக்கப்படும் இடத்தில், இடையே வைக்கப்படும் மெல்லிய படலம் கேஸ்கெட் எனப்படும். தமிழகப் பட்டறைகளில் அது பேக்கிங் என்றே வழங்கும். சுழலும் தண்டு உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில், தண்டைச் சுற்றி அணைத்து நிற்கும் வளையம் ஆயில் சீல். முதல்வகைக்குத் தக்கையும் தடித்த தாளும் கல்நாரும் ஓரளவு போதுமானவையாக இருந்தன. இரண்டாம்வகையே பொறியாளர்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டியது. வளையத்தை இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும், தளர்த்தினால் எண்ணெய் ஒழுகும் என்ற இருபுற நெருக்கடி அதில் இருந்தது.

இந்த நெருக்கடிக்கான முதல் நல்ல விடை மோட்டார் வாகனத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்டது. 1795-இல் ஜோசப் பிரமா இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற நீரழுத்த இயந்திரம், அதன் உருளைத் தண்டின் ஓரத்தில் நீர் பீறிட்டதால் பயனற்றுப் போகும் நிலையில் இருந்தபோது, அவரிடம் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே கிண்ணம்போல் மடித்த தோல் வளையத்தைப் பொருத்தி அதைக் காப்பாற்றினார் என்பது பொறியியல் வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. அழுத்தம் கூடக் கூடத் தோலின் விளிம்பு தண்டோடு மேலும் நெருங்கி ஒட்டியதால், வெளியேற முயலும் நீரின் விசையே வெளியேறும் வழியை அடைத்தது. இதைவிட அழகிய எளிய தீர்வுகள் பொறியியலில் மிகச் சிலவே இருக்கும். பின்வந்த பிரேக் கிண்ணங்களிலும், விளிம்புள்ள சீல்கள் பலவற்றிலும் செயல்படுவது இதே கருத்துதான்.

ஆயினும் மலிவு விலை வண்டிகளில் இக்கருத்து உடனே இடம்பெறவில்லை. அமெரிக்க எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் தண்டின் பின்முனையை அடைத்தது, காரீயகம் தோய்த்த கல்நார்க் கயிறே. பள்ளத்தில் திணித்து, முனைகளைக் கத்தியால் அறுத்துச் சமன்செய்யப்பட்ட அக்கயிறு, ஓரளவு ஈரம் கோத்தபடியே பல்லாண்டுகள் நிலைத்தது. ஐரோப்பாவில் மாற்றம் ஒரு தோல் பதனிடும் ஆலையிலிருந்து வந்தது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் இயங்கிய கார்ல் ஃபிராய்டன்பெர்க் நிறுவனம், 1920-களின் இறுதியில் தோல் வணிகம் சரிந்தபோது தன் சரக்குக்குப் புதிய பயன் தேடித் தோல் அடைப்புகளைச் செய்யத் தொடங்கியது. வால்தர் ஸிம்மர் என்னும் பொறியாளர் பெயரால் வழங்கும் ஸிம்மர்ரிங் 1930-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. உலோகக் கூட்டுக்குள் தோல் விளிம்பும், அதைத் தண்டோடு அணைக்கும் சுருள்வில்லும் கொண்ட அவ்வளையத்தில், சில ஆண்டுகளிலேயே தோலுக்குப் பதில் செயற்கை ரப்பர் இடம்பெற்றது. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பிக் குழைந்துவிடும். அக்காலத்தில் ஜெர்மன் வேதியியலாளர்கள் உருவாக்கிய நைட்ரைல் ரப்பர் அவ்வாறு குழையவில்லை. அமெரிக்காவில் குடியேறிய டேனிஷ்காரர் நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-இல் விண்ணப்பித்து 1939-இல் காப்புரிமை பெற்ற ஓ-வளையம், இரண்டாம் உலகப்போரின்போது விமானங்களுக்கு இன்றியமையாததாகக் கருதப்பட்டதால், அமெரிக்க அரசு அந்த உரிமையைத் தன் கையில் எடுத்துப் பல ஆலைகளுக்கும் திறந்துவிட்டது. போருக்குப் பின் வந்த வண்டிகள் குறைவாக ஒழுகியதற்குப் போர்க்கால ரப்பர் வேதியியல் பெரும் காரணம்.

குறைவாக ஒழுகின எனினும், சாலை அவற்றின் கறையைத் தாங்கியே கிடந்தது. பழைய சிமென்ட் நெடுஞ்சாலைகளில் ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் நீண்ட கரிய பட்டை தெரிந்தது. அதற்குச் சீல்களின் சொட்டு மட்டும் காரணமன்று. எரிந்த வாயுவில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் இறங்கும்; அதை வெளியேற்ற, எண்ணெய் ஆவியோடு சேர்த்து நேரே சாலையை நோக்கி விடும் குழாயொன்று வண்டிக்கு அடியில் இருந்தது. கலிஃபோர்னியாவின் காற்று மாசை ஆராய்ந்தவர்கள் இவ்வழியே வெளியேறும் புகை பெரிது என்று கண்டபின், அவ்வாயுவை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே உறிஞ்சவைக்கும் பிசிவி வால்வு அம்மாநிலத்துக்கான 1961-ஆம் ஆண்டு வண்டிகளிலும், 1963-இல் நாடு முழுவதற்குமான வண்டிகளிலும் இடம்பெற்றது. சாலையின் பட்டை மெல்ல வெளுத்தது. கசிவறியும் தொழிலுக்கோ ஒரு புதிய சிக்கல் சேர்ந்தது. அந்தச் சிறிய வால்வு கசடு படிந்து அடைபட்டால் கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, குறையில்லாத சீல்களின் வழியேயும் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். கசியும் சீலை மட்டும் மாற்றிய மெக்கானிக்கிடம் அதே வண்டி சில மாதங்களில் திரும்பி வரும். கசியும் இடமும் கசிவின் காரணமும் வேறுவேறாக இருக்கலாம் என்பது இத்தொழில் கற்ற ஆழமான பாடம். அதைக் கற்பித்தது காற்றைத் தூய்மையாக்க வந்த ஒரு கருவி.

பிரேக்கின் வரலாறு இதைவிடக் கடுமையானது, ஏனெனில் அங்கே கசிவு உயிரைத் தொடுவது. விமானத் தொழிலிலும் பெயர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த மால்கம் லோஹெட் 1917-இல் திரவ அழுத்தப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார்; 1921-இல் டூசன்பெர்க் வண்டியில் அது பொருத்தப்பட்டது. அவருடைய அமைப்பில் அழுத்தத்தைத் தாங்கிய கிண்ணங்கள் பதப்படுத்தாத தோலால் ஆனவை. அவை உலர்ந்து சுருங்கி ஒழுகின. 1924-இல் தன் முதல் வண்டியை வெளியிட்ட கிரைஸ்லரின் பொறியாளர்கள் அக்கிண்ணங்களை ரப்பரில் செய்து சிக்கலைத் தீர்த்தனர். அன்றைய ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் உப்பிவிடும் என்பதால், விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவையே பிரேக் திரவமாயிற்று. ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கும் அவ்வெண்ணெய் ரப்பரைக் கெடுக்கவில்லை. பிற்காலத்தில் கிளைக்கால் சார்ந்த வேதிப்பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தாலும், பிரேக் திரவத்தில் பெட்ரோலிய எண்ணெய் ஒரு துளியும் கலக்கலாகாது என்ற விதி அப்படியே நின்றது.

கலப்பின் அபாயமே நிறத்தைச் சட்டமாக்கியது. பிரான்சின் சித்ரோவென் நிறுவனம் 1960-களின் நடுவில் தன் டிஎஸ் வண்டிகளின் திரவத்தைச் செயற்கைத் திரவத்திலிருந்து கனிம எண்ணெய்க்கு மாற்றியபோது, இரண்டும் மாறிப்போனால் சீல்கள் அனைத்தும் அழியும் என்பதால், புதிய திரவத்துக்குப் பச்சை நிறமூட்டி, அதைத் தாங்கும் உறுப்புகளுக்கும் பச்சை வண்ணம் பூசியது. அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி 116, கிளைக்கால் வகைப் பிரேக் திரவம் நிறமற்றதாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்க வேண்டும், சிலிகோன் வகை ஊதாவாக இருக்க வேண்டும், கனிம எண்ணெய் வகை பச்சையாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. சக்கரத்தின் உட்புறம் வழுவழுப்பான வெளிர் மஞ்சள் ஈரம் தென்பட்டால் வண்டியை நகர்த்தக்கூடாது என்று மெக்கானிக் உறுதியாகச் சொல்ல முடிவதற்குப் பின்னால் இந்த விதி நிற்கிறது.

தானியங்கிக் கியர் பெட்டியின் சிவப்பு, சட்டத்தால் வந்ததன்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் வண்டியில் ஹைட்ரமேட்டிக் கியர் பெட்டியை அறிமுகப்படுத்தியபின், 1949-இல் அதற்கென டைப் ஏ என்னும் தனித் திரவத்தை வகுத்தது. எஞ்சின் எண்ணெயோடு குழப்பிக்கொள்ளாதிருக்க இவ்வகைத் திரவத்துக்குச் சிவப்புச் சாயமிடுவது வழக்கமாயிற்று. அச்சிவப்புக்குள் ஒரு துயரமும் கலந்திருந்தது. கியர் பெட்டிக்குள் உராயும் தட்டுகள் அதிர்வின்றிப் பற்றிக்கொள்ள உதவிய சேர்மானம், எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெய். 1970-இல் அமெரிக்கா அத்திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தபின் அவ்வெண்ணெயின் வரத்து நின்றது. மாற்றாக வந்த திரவங்களுள் சில தொடக்கத்தில் கியர் பெட்டியைக் குளிர்விக்கும் குழாய்களின் பற்றவைப்பை அரித்துப் புதிய கசிவுகளை உண்டாக்கின. கடல் விலங்கொன்றைக் காத்ததன் விலை அதுவென்றால், அது கொடுக்கத் தகுந்த விலையே.

கூலன்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவத்தின் நிறம் வேறு வழியில் வந்தது. தொடக்கத்தில் ரேடியேட்டரில் வெறும் நீரே நின்றது. பனிக்காலத்தில் உறையாதிருக்க அதில் ஆல்கஹால் கலந்தனர், அது சூட்டில் ஆவியாகிப் போயிற்று. 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த எத்திலின் கிளைக்கால் எளிதில் ஆவியாகவில்லை. ஆவியாகாத ஒரு திரவத்தின் மட்டம் குறைந்தால் அது எங்கோ ஒழுகியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அதன்பிறகே வர முடிந்தது. இனிப்புச் சுவையும் நச்சுத்தன்மையும் கொண்ட அத்திரவம் தரையில் தேங்கினால் நாயும் பூனையும் நக்கி மாண்டன என்பதால், அதன் கசிவைக் கண்டுபிடிப்பது செலவுக் கணக்கைத் தாண்டிய கடமையும் ஆயிற்று. அமெரிக்காவில் பல்லாண்டுகள் அது பச்சையாகவே இருந்தது. 1990-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் நீண்டநாள் உழைக்கும் ஆரஞ்சு நிறக் கூலன்டைக் கொண்டுவந்தபின், இளஞ்சிவப்பு, நீலம், சிவப்பு என ஆளுக்கொரு நிறம் தோன்றி, நிறம் பொருளை உறுதியாகக் காட்டிய காலம் முடிந்தது. கியர் திரவத்திலும் அதே கதைதான்: கிரைஸ்லர் தன் ஏடிஎஃப் பிளஸ் ஃபோர் திரவத்தின் சிவப்புச் சாயம் நிலையானதன்று, அதன் நிறத்தைக் கொண்டு நிலையைக் கணிக்கலாகாது என்றே வண்டிக் கையேடுகளில் எச்சரித்தது. அரை நூற்றாண்டில் திரண்ட ஒரு பொதுமொழி, தயாரிப்பாளர்களின் தனி விருப்பங்களால் சிதைந்தது வருந்தத்தக்கது.

இந்தப் பொதுமொழி நன்கு வழங்கிய காலத்தில்தான் மினிவேன் தோன்றியது. ஹால் ஸ்பெர்லிக்கும் லீ அயகோக்காவும் ஃபோர்டில் நிறைவேற்ற முடியாத எண்ணத்தைக் கிரைஸ்லரில் நிறைவேற்ற, 1983 நவம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வின்ட்சர் ஆலையிலிருந்து முதல் மினிவேன்கள் வெளிவந்தன. டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்பன அவற்றின் பெயர்கள். பெரிய வேன்களைப் போலன்றி இது வீட்டுக் கொட்டகையின் கதவுக்குள் நுழைய வேண்டும் என்பது வடிவமைப்பின் அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்று. எஞ்சினைக் குறுக்காகக் கிடத்தி, கியர் பெட்டியை அதனோடு இணைத்து, முன்சக்கரங்களை இயக்கியதால் தரை தாழ்ந்தது. அதன் விளைவாக எஞ்சின் எண்ணெய், கியர் திரவம், கூலன்ட், பவர் ஸ்டீயரிங் திரவம், பிரேக் திரவத்தின் பெரும்பங்கு ஆகிய யாவும் முன்மூடிக்கு அடியில் ஒரு சிறிய இடத்தில் நெருங்கின. இரவெல்லாம் சிமென்ட் தரையில் நிற்கும் வண்டி, காலையில் தன் நிலையைத் தரையில் எழுதி வைத்தது.

அந்த எழுத்தை வாசிப்பது தோன்றுமளவு எளிதன்று. வலப்புறம் விழுந்திருக்கும் தெளிந்த நீர் பெரும்பாலும் கசிவேயன்று, குளிரூட்டியில் காற்றின் ஈரம் திரண்டு வடிந்தது. எண்ணெயோ விழுந்த இடத்துக்கு நேர்மேலே பிறந்திருக்க வேண்டியதில்லை. எஞ்சினின் உச்சியிலுள்ள வால்வு மூடியின் கேஸ்கெட்டில் கசிந்த எண்ணெய், பக்கச்சுவரில் வழிந்து, ஓடும்போது எதிர்க்காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கியர் பெட்டியின் அடியில் சொட்டும்போது, மாற்றுவதற்குச் செலவு மிகுந்த பின்முனைச் சீலின் குறையாகத் தோன்றும். ஈரமான இடங்களுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் உள்ளதோ அதுவே ஊற்று என்ற பட்டறை விதி இதனால் பிறந்தது. குறுக்கே கிடக்கும் வி6 எஞ்சினின் இரு உருளை வரிசைகளுள் பின்வரிசை, பயணிகள் அறையின் சுவரை ஒட்டி மறைந்திருப்பதால், அங்கு கசிவது கண்ணுக்குத் தெரியுமுன் புகைபோக்கியில் பட்டுக் கருகிய நாற்றமாகவே அறியப்பட்டது. பின்னிருக்கைகளுக்கும் வெப்பமும் குளிரும் வேண்டும் என்பதற்காகப் பிற்கால மினிவேன்களில் அடித்தளத்தின் நீளத்துக்கும் ஓட்டப்பட்ட உலோகக் குழாய்களோ, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பால் அரிக்கப்பட்டு, எஞ்சினிலிருந்து வெகுதூரத்தில் கூலன்டை ஒழுகவிட்டன.

இவ்வாறு மறைந்த ஊற்றைக் காண உதவிய முறைகளுள் மிகப் பழையது இரயில்வே பட்டறைகளிலிருந்து வந்தது. இரயில் அச்சுகளிலும் சக்கரங்களிலும் உள்ள மயிரிழை வெடிப்புகளைக் காண, அவற்றை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே வெண்சுண்ணக் குழம்பைப் பூசினர். வெடிப்புக்குள் தங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து வெண்மையில் கரிய கோடாகத் தோன்றியது. எஞ்சினைக் கழுவி உலர்த்தி, வெள்ளைத் தூளைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவந்து பார்க்கும் பட்டறை வழக்கம் அதே அறிவின் நீட்சி. ஒளிரும் சாயத்தின் வரலாறு அதனினும் சுவையானது. அடால்ஃப் ஃபான் பேயர் 1871-இல் ஃபுளோரசீன் என்னும் சாயத்தை உருவாக்கினார். 1877-இல் தென்ஜெர்மனியில் டான்யூப் ஆறு மண்ணுக்குள் மறையும் இடத்தில் அதைக் கொட்டியபோது, சில நாள்களில் ரைனை நோக்கி ஓடும் ஆக் ஆற்றின் ஊற்று பச்சையாக ஒளிர்ந்து, டான்யூபின் நீர் நிலத்தடியே ரைன் ஆற்றைச் சேர்வதை மெய்ப்பித்தது. ஒரு முழு ஆற்றின் கசிவைக் கண்டறிந்த அச்சோதனையே, எண்ணெயில் சாயம் கலந்து புற ஊதா விளக்கால் தேடும் இன்றைய முறைக்கு மூதாதை. அமெரிக்கக் கூலன்டின் பழைய பச்சையிலும் பெரும்பாலும் இதே ஃபுளோரசீன்தான் இருந்தது.

கண்டபின் சரிசெய்வதிலும் காலம் மாற்றங்களை உண்டாக்கியது. பழைய கயிற்றுச் சீல் இரு துண்டுகளாக இருந்ததால், பல எஞ்சின்களில் அடித்தொட்டியைக் கழற்றியே அதை மாற்ற முடிந்தது. பின்னர் வந்த ஒற்றை வளையச் சீல் எளிதில் கசியாது, கசிந்தாலோ கியர் பெட்டி முழுவதையும் இறக்கியாக வேண்டும். உறுப்பின் விலை சொற்பமும் உழைப்பின் கூலி பெரிதுமாகிய இந்த ஏற்றத்தாழ்வே, தவறான கண்டறிதலைத் தாங்க முடியாத செலவாக்கியது. சீலைப் பொருத்தும் முறையும் மாறியது. ரப்பர் விளிம்புக்கு எண்ணெய் தடவிப் பொருத்துவது தலைமுறைகளாகக் கைவந்த பழக்கம். டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இ விளிம்புகொண்ட சீல்கள் வந்தபின், அவற்றை ஈரமின்றி உலர்ந்த தண்டில் பொருத்த வேண்டியிருந்தது, ஏனெனில் தொடக்கச் சுழற்சிகளில் தண்டின்மேல் அப்பொருளின் மெல்லிய படலம் படிந்தால்தான் அடைப்பு உருவாகும். நல்ல எண்ணத்தோடு தடவிய எண்ணெயே புதிய கசிவுக்குக் காரணமாயிற்று.

கசிவைத் தடுப்பதோடு நில்லாமல் அதை அறிவிக்கவும் வடிவமைப்பு கற்றுக்கொண்டது. தண்ணீர்ப் பம்பின் உறையில், உட்புறச் சீலுக்கும் தாங்குருளைக்கும் இடையே ஒரு சிறு துளை விடப்பட்டுள்ளது. சீல் தேயத் தொடங்கியதும் கூலன்ட் தாங்குருளையைக் கெடுக்காமல் அத்துளை வழியே வெளியேறி, பம்பின் கீழ் நிறமுள்ள உப்புத்தடமாகப் படிகிறது. இன்றைய கலப்பின மினிவேன்களில் எஞ்சினுக்கு ஒன்றும் மின் உறுப்புகளுக்கு வேறொன்றுமாகக் கூலன்ட் சுற்றுகள் பெருகியுள்ளன; காற்றுத் தடையைக் குறைக்க அடியில் பொருத்தப்பட்ட அகன்ற பிளாஸ்டிக் தட்டுகள் துளிகளைத் தாமே ஏந்தி, வேறோர் ஓரத்தில் கொட்டுகின்றன. அதனால் பட்டறைக்கு வரும் வண்டியில் முதலில் அந்தத் தட்டு கழற்றப்படுகிறது. அதன் உட்புறம் எந்த இடத்தில் நனைந்துள்ளது என்பதைப் பார்த்தபின்னரே மேல்நோக்கிய தேடல் தொடங்குகிறது.